கைக்குழந்தைக்கும் விளையாட்டு வேண்டும்

நடவுக் காலத்தில் பல ஊர்களிலும் வயலோரத்தில் காணக்கூடிய காட்சி இது. வேப்ப மரக் கிளையில் பழைய புடவையால் கட்டிய தூளி தொங்கும். அதனுள் நான்கைந்து மாதக் குழந்தை கிடக்கும். தாய் நாற்று நட்டுக் கொண்டிருப்பாள். குழந்தை சிணுங்கினால் மூத்த பிள்ளை ஓடி வந்து ஆட்டிவிட்டுப் போகும்.

உறங்கும் குழந்தைக்குத் தூளி இதமானது. ஆனால், உறக்கம் கலைந்த பிறகும் குழந்தை அதனுள்ளேயே ஒரு மணி, இரண்டு மணி நேரம் கிடப்பதைப் பார்க்கிறோம். நாலாப்புறமும் துணி. பார்க்க முகம் இல்லை. பிடிக்கப் பொருள் இல்லை. கை கால்களை ஊன்ற இடமும் இல்லை. "தொந்தரவு இல்லாத பிள்ளை, போட்ட இடத்தில் கிடக்கும்" என்று நாமும் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். குழந்தை விழித்திருக்கும் நேரத்தை இப்படி வீணாக்குவது, ஈரம் இருக்கும்போது விதைக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

கைக்குழந்தைக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு அன்று. தாய்ப்பாலும் தடுப்பூசியும் போல அதுவும் வளர்ச்சிக்குத் தேவையான ஒன்று. இதற்குப் பணச் செலவு இல்லை. வேலையை நிறுத்தி விட்டுத் தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டியதில்லை. எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் ஆண்டு ஏன் முக்கியம்?

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். முதல் ஆண்டிலேயே அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. இரண்டு வயது நிறையும்போது வளர்ந்தவர் மூளையில் ஐந்தில் நான்கு பங்கை எட்டி விடுகிறது. வாழ்நாளில் வேறு எந்தக் காலத்திலும் மூளை இவ்வளவு விரைவாக வளர்வதில்லை.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைவதும் இக்காலத்தில்தான் மிகுதி. குழந்தை பார்ப்பது, கேட்பது, தொடுவது, பிறர் தன்னோடு பேசுவது ஆகியவற்றால் இந்த இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாத இணைப்புகள் நாளடைவில் மறைகின்றன. ஆகவே, நல்ல உணவு மட்டும் கொடுத்து, பேச்சும் விளையாட்டும் கொடுக்காமல் வளர்ப்பது, உரமிட்டு விட்டு நீர் பாய்ச்சாமல் விடுவதைப் போன்றது.

இதற்குச் சான்றாக ஓர் ஆய்வைக் கூறலாம். ஜமைக்கா நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனில், 1986-87 ஆம் ஆண்டுகளில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தனர். குழந்தைகளின் வயது 9 முதல் 24 மாதம். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டிற்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு முறை சென்று, ஒரு மணி நேரம் தாயுடனும் குழந்தையுடனும் அமர்ந்து விளையாட்டுக் காட்டினார். வீட்டில் கிடக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளே பயன்பட்டன. தாயிடம், "குழந்தையோடு பேசுங்கள், இப்படி விளையாடுங்கள்" என்று கற்றுக் கொடுத்தார். இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. அக்குழந்தைகள் 22 வயதை எட்டியபோது மீண்டும் தேடிக் கண்டு பார்த்தனர். விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தனர். இம்முடிவு 2014 ஆம் ஆண்டு வெளியானது. கைவிளையாட்டுப் பொருள்களும் தாயின் பேச்சும் இருபது ஆண்டுகள் கழித்துப் பலன் தந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

மாதத்திற்கு ஏற்ற விளையாட்டு

பயிரின் வயதுக்கு ஏற்ப மேலுரம் இடுவதைப் போல, குழந்தையின் வயதுக்கு ஏற்ப விளையாட்டும் மாற வேண்டும். கீழே தரப்பட்டுள்ள மாதக் கணக்கு பொதுவானது. சில குழந்தைகள் சற்று முன்னும் பின்னும் இருக்கலாம். குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிரசவத்திற்குக் குறித்திருந்த நாளிலிருந்து மாதங்களைக் கணக்கிடல் வேண்டும்.

1. பிறந்தது முதல் 2 மாதம் வரை

இப்பருவத்தில் குழந்தைக்குத் தூரத்தில் உள்ளவை தெளிவாகத் தெரியா. 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதே நன்கு தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தூரம் இதுவே. எனவே குழந்தையின் முதல் பொம்மை தாயின் முகம்தான். பால் கொடுக்கும்போது குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.

மெல்லிய நிறங்களைவிட, அழுத்தமான நிற வேறுபாடு உள்ளவற்றைக் குழந்தை கூர்ந்து பார்க்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துண்டை முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக இடமும் வலமும் நகர்த்தினால் கண்கள் அதனைத் தொடரும். ஒரு பக்கமிருந்து மெல்லக் கூப்பிடுங்கள். தாயின் குரலைக் கருவிலேயே கேட்டுப் பழகிய குழந்தை, அக்குரலைக் கேட்டு அமைதி கொள்ளும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும்.

2. 3 முதல் 5 மாதம் வரை

தலை நிற்கத் தொடங்கும். கையில் வைத்ததைப் பற்றிக் கொள்ளும். உடனே வாய்க்குக் கொண்டு போகும். வாயில் வைத்துப் பார்ப்பதும் அறிவதற்கான வழியே. ஆதலால் அடிப்பதோ அதட்டுவதோ கூடாது. வாயில் வைக்கத்தக்க தூய பொருளைக் கொடுப்பதே முறை.

இப்பருவத்தில் முக்கியமானது குப்புறப் படுக்க வைத்து விளையாடுவது. கோரைப் பாயின் மேல் துணி விரித்து, குழந்தை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, அதன் எதிரே நீங்களும் முகத்தைத் தாழ்த்திப் பேசுங்கள். குழந்தை தலையைத் தூக்கிப் பார்க்க முயலும். கழுத்து, தோள், முதுகு ஆகியவை இதனால் வலுப்பெறும். பிறந்த சில நாள்களிலிருந்தே இதனை ஓரிரு நிமிடங்கள் தொடங்கலாம். சிறிது சிறிதாகப் பல முறை செய்து, தவழத் தொடங்கும் முன் ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிடங்களாவது கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பால் குடித்தவுடன் செய்தல் கூடாது. அருகில் ஆள் இருக்க வேண்டும். உறங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்களில் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்திற்கு உரியது என்பர். கைகளை நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, தலை நிமிர்த்திக் குழந்தை ஆடுவதே செங்கீரை. தரையில் விடாத குழந்தை செங்கீரை ஆடுவது எங்ஙனம்?

3. 6 முதல் 8 மாதம் வரை

முதலில் பிடிமானத்தோடும் பிறகு தானாகவும் குழந்தை உட்காரும். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றும். ஒரு பொருளைக் கீழே போட்டு, அது எழுப்பும் ஓசையைக் கேட்டு மகிழும். பத்து முறை எடுத்துக் கொடுத்தாலும் பத்து முறையும் போடும். இது குறும்பு அன்று. "நான் செய்தால் இது நடக்கிறது" என்று குழந்தை கற்றுக் கொள்ளும் பாடம்.

வீட்டிலுள்ள உழக்கு, எவர்சில்வர் தம்ளர், மர அகப்பை ஆகியவற்றைக் கழுவிக் கொடுங்கள். விளிம்பு கூராக இருத்தல் கூடாது. முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள். மறைந்த முகம் திரும்ப வரும் என்பதைக் குழந்தை இவ்விளையாட்டால் அறிகிறது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் அறிந்த சாய்ந்தாடும் ஆட்டமும், உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டும், நண்டு ஊர்வதுபோல் கையில் விரலை ஓட்டும் விளையாட்டும் இப்பருவத்திற்கு மிகவும் ஏற்றவை.

4. 9 முதல் 12 மாதம் வரை

தவழும், பிடித்துக் கொண்டு நிற்கும், கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் சிறு பொருளைப் பொறுக்கும். கை தட்டும். சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதத்திற்கு உரியது என்று பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்ததும் இதனாலேயே.

உழக்கைப் படிக்குள் போடுவது, எடுப்பது, துணிப் பந்தை உருட்டி விடுவது, துணிக்கு அடியில் மறைத்த பொம்மையைத் தேடுவது ஆகியவை ஏற்ற விளையாட்டுகள். "மாடு எங்கே? கோழி எங்கே? தாத்தா எங்கே?" என்று கேட்டுக் கைகாட்டச் செய்யுங்கள். நிற்கப் பழகிய குழந்தைக்கு மர நடைவண்டி கொடுக்கலாம். பின்னால் ஆள் நடக்க வேண்டும். ஆனால் குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருளும் நடைக் கருவி வேண்டாம். அது நடக்கக் கற்றுத் தருவதில்லை. படியிலிருந்து உருண்டு விழுதல், அடுப்பருகே சென்று விடுதல் போன்ற விபத்துகளுக்கும் இடமாகிறது. கனடா நாட்டில் 2004 ஆம் ஆண்டு இதன் விற்பனையே தடை செய்யப்பட்டது.

நேரம் எங்கே இருக்கிறது?

"பொழுது விடிந்தால் பால் கறவை, சமையல், களையெடுப்பு. விளையாட நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. ஆனால், குழந்தையைக் கவனிக்கும் வேலைகளிலேயே விளையாட்டைச் சேர்த்து விடலாம்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, "இது கை, இது கால், இதோ தண்ணீர்" என்று சொல்லிக் கொண்டே செய்யுங்கள். கீரை ஆயும்போது எதிரே பாயில் விட்டுப் பேசுங்கள். இடுப்பில் தூக்கிக் கொண்டு தொழுவத்துக்குப் போகும்போது மாட்டையும் கன்றையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். குழந்தை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லி, அது மறுபடி பேசும்வரை சிறிது காத்திருங்கள். இந்தக் காத்திருப்பு மிகவும் தேவை. முறை வைத்துப் பேசுவதை அப்போதுதான் குழந்தை கற்கும்.

இதழைப் படிக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். பிள்ளையோடு கொஞ்சுவது பெண்கள் வேலை என்று ஒதுங்குதல் தகாது. மாலையில் வயலிலிருந்து திரும்பி, குளித்து, கால் மணி நேரம் குழந்தையைப் பாயில் விட்டு அதனோடு பேசி விளையாடுங்கள். அந்தக் கால் மணி நேரம் தாய்க்கும் ஓய்வாகும். தாத்தா, பாட்டி, மூத்த பிள்ளைகள் ஆகியோருக்கும் ஆளுக்கு ஒரு விளையாட்டைப் பங்கிட்டுக் கொடுக்கலாம்.

வயலுக்குக் குழந்தையை எடுத்துச் செல்ல நேர்ந்தால், தூளி உறங்குவதற்கு மட்டும் இருக்கட்டும். எறும்பு, தேள், பாம்பு இல்லாத நிழலிடம் பார்த்துப் பாய் விரித்து, விழித்த குழந்தையை அதில் விட்டு, பெரியவர் ஒருவரைக் காவல் வையுங்கள். நடவாட்கள் பத்துப் பேர் இருந்தால், முறை மாற்றி ஒருவர் கரையில் இருந்து எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக் கொள்ளலாம். மூத்த பிள்ளையின் பொறுப்பில் மட்டும் கைக்குழந்தையை விடுதல் கூடாது. பள்ளிப் படிப்பும் கெடும்.

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்கும் வழக்கம் கிராமங்களிலும் பரவி விட்டது. இரண்டு வயதுக்குக் கீழ் எந்தத் திரையும் வேண்டாம் என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வெளியூரில் உள்ள உறவினரோடு எப்போதேனும் முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. குழந்தை "ங்கா" என்று சொல்லும்போது கைப்பேசிப் படம் அதற்குக் காத்திருந்து பதில் சொல்வதில்லை.

செலவில்லாப் பொம்மைகள்

துணிப் பந்து: பழைய பருத்திப் புடவையைத் துவைத்துக் காய வைத்து, கீற்றாகக் கிழித்து இறுக்கமாகச் சுற்றி, மேலே வேறு நிறத் துணியால் மூடித் தைக்கவும். சாத்துக்குடி அளவு இருக்கலாம். பொத்தான், மணி வைத்துத் தைத்தல் கூடாது.

கொட்டாங்கச்சி: நாரும் சிராயும் இல்லாமல் நன்கு இழைத்த இரு கொட்டாங்கச்சிகளைத் தட்டி ஓசை காட்டலாம்.

ஓலைக் கிலுகிலுப்பை: பனையோலையில் முடைந்தது. உள்ளே கல் இருப்பதால் பெரியவர் கையில் வைத்து ஆட்டிக் காட்டுவதே நல்லது.

மரப்பாச்சி: சாயம் பூசாத மரப்பாச்சி ஏற்றது. மலிவான வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம்; ஈயம் மூளையைப் பாதிக்கும். பூச்சு உரியும் பொம்மைகளை விலக்குங்கள்.

உழவர் வீட்டில் தனிக் கவனம்

1. காலியான பூச்சிக்கொல்லி டப்பா, புட்டி, மூடி ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் குழந்தைக்கு விளையாடக் கொடுத்தல் கூடாது. மருந்துகளைப் பூட்டி வையுங்கள்.

2. மருந்து தெளிக்கும் நாளில் குழந்தையை வயலுக்குக் கொண்டு செல்லாதீர்கள். தெளித்தவர் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அவ்வுடையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைத்தல் கூடாது.

3. ஆமணக்கு விதை, குன்றிமணி, ஊமத்தங்காய் ஆகியவை கொடிய நஞ்சு. களத்தில் காயும் ஆமணக்கின் அருகே குழந்தையை விடாதீர்கள்.

4. நிலக்கடலை, புளியங்கொட்டை, பட்டாணி போன்றவை மூச்சுக் குழலில் புகுந்து அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலுமிச்சம் பழத்தைவிடச் சிறிய எதுவும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்பதை வீட்டு விதியாகக் கொள்ளுங்கள்.

5. தவழும் குழந்தை, வாளியில் உள்ள சிறிதளவு நீரிலும் தலைகுப்புற விழுந்து மூழ்கக் கூடும். வாளி, தொட்டி, மாட்டுக்கு நீர் வைக்கும் தாழி ஆகியவற்றைக் கவிழ்த்தோ மூடியோ வையுங்கள்.

6. குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதும், அழுகை நிற்க உலுக்குவதும் கூடாது. உலுக்கினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

எப்போது காட்ட வேண்டும்?

நாற்று வெளுத்தால் காரணம் தேடுகிறோம் அல்லவா? அதேபோல் குழந்தையின் வளர்ச்சியையும் நோட்டமிட வேண்டும். 6, 10, 14 ஆவது வாரங்களிலும் 9 ஆவது மாதத்திலும் தடுப்பூசிக்குப் போகும்போது, கீழ்க்கண்ட அறிகுறி இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கூறுங்கள். இடையில் கண்டாலும் அடுத்த ஊசி நாள்வரை காத்திராதீர்கள்.

பெரிய ஓசைக்கும் திடுக்கிடாமல் இருத்தல். 3 மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்காதிருத்தல். 5 மாதத்தில் தலை நிற்காதிருத்தல். 9 மாதத்தில் உட்காராதிருத்தல். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருத்தல், மழலை பேசாதிருத்தல். ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல். முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டு விடுதல்.

2013 ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், இத்தகைய குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி அளிக்க மாவட்ட அளவில் இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. சேவை இலவசம். "எங்கள் வீட்டில் எல்லாரும் தாமதமாகத்தான் பேசினார்கள்" என்று ஓராண்டு காத்திருந்தால், அந்த ஓராண்டைத் திரும்பப் பெற இயலாது. பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளோடு விளையாடும் முறைகளைத் தொகுத்து மத்திய அரசு 2024 ஆம் ஆண்டு 'நவசேதனா' என்னும் வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. அதில் உள்ள விளையாட்டுகளைப் பற்றி அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

நினைவில் கொள்க

தூளி உறங்குவதற்கு, பாய் விளையாடுவதற்கு. விழித்திருக்கும் குழந்தைக்குத் தேவை ஒரு முகம், ஒரு குரல், ஊன்றிப் புரளச் சிறிது தரை. இம்மூன்றும் எந்தக் குடிசையிலும் உள்ளவையே.

நாளை காலை குழந்தை கண் விழித்ததும் பாயில் விட்டு, எதிரே அமர்ந்து, "எழுந்தாயா கண்ணு?" என்று கேளுங்கள். பிறகு சற்றுக் காத்திருங்கள். குழந்தை கையையும் காலையும் உதைத்துத் தன் மொழியில் பதில் சொல்லும்.